நீலக்கொடுக்கன் கழற்றிய ஓடு

கொளத்தூரில் வீட்டுத் தொட்டியில் ஆற்று இறால் வளர்த்துவந்த சூசைமாணிக்கம், 1998ஆம் ஆண்டு தை மாதத்தில் எனக்குச் சொன்ன வடிவம் இது.

ஒரு தொட்டியில் நீலக்கொடுக்கன் என்னும் இறால் தன் மனைவியோடு வாழ்ந்தான். அவள் வயிற்றில் முட்டை சுமந்திருந்தாள். எதிர்மூலையில் செங்கொடுக்கன் என்னும் இளவட்டம் சண்டைக்குச் சமயம் பார்த்திருந்தான்.

ஒருநாள் நீலக்கொடுக்கன் தன் ஓட்டைக் கழற்றினான். உடம்பு வெண்ணெயாக இருந்ததால் உடைந்த குழாய்க்குள் மனைவியோடு ஒளிந்துகொண்டான். கழற்றிய ஓடு மட்டும் கொடுக்குகளை விரித்தபடி மணலில் நின்றது. சண்டைக்கு வந்த செங்கொடுக்கன் அதை நீலக்கொடுக்கன் என்றே நினைத்தான்.

"வணக்கம் அண்ணே, சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று பின்னோக்கியே நடந்து போனான்.

"பாத்தியா புள்ள! நான் கழட்டிப் போட்டதுக்கே இவ்வளவு மரியாதை!" என்றான் நீலக்கொடுக்கன்.

"மரியாதை இருக்கட்டும். முதல்ல அதைத் தின்னுங்க. தின்னாத்தானே புது ஓடு கெட்டிப்படும்? அவன் வந்தா என் முட்டைக்கு யாரு காவல்?"

"கும்பிடு வாங்குறதைப் போய்த் தின்னச் சொல்றியே!"

இப்படி மூன்று நாள் செங்கொடுக்கன் வந்து வணங்கிப் போனான். நீலக்கொடுக்கன் உள்ளே பூரித்தான். உடம்பு மட்டும் இறுகவில்லை. நான்காம் நாள் செங்கொடுக்கன் குனிந்தபோது அவன் மீசை பட்டு ஓடு சாய்ந்தது; உள்ளே ஒன்றுமில்லை. அவன் அங்கேயே அமர்ந்து அதை முழுவதும் தின்று முடித்தான். பிறகு குழாயின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, உள்ளதான் இருக்கீங்களா?"

வேறு சிலர் சொல்லும் வடிவத்தில், நீலக்கொடுக்கன் முதல் நாளே ஓட்டைத் தின்றுவிடுகிறான், குஞ்சுகள் பிழைக்கின்றன. அதன்பின் அவனை எவரும் வணங்கியதாக அவர்கள் சொல்வதில்லை.