கத்திரியின் ஒப்புதல்

"மறுபடியும் வெட்டிட்டான் இந்தக் கத்திரி," என்று போனில் கணவனிடம் பல்லைக் கடித்தாள் மருமகள். "ஆள் யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் நாலு கேள்வி கேட்டுடுவேன்." விட்டுத் தள்ளு என்றான் அவன். அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

கத்திரி என்பது இணையத்தில் அந்த ஆளின் பட்டப்பெயர். பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டருக்கு, அதாவது கம்ப்யூட்டரில் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளுக்கு, யார் எதை எழுதி அனுப்பினாலும், கத்திரி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான், முகம் கிடையாது.

அவள் அனுப்பியது சின்ன சௌகரியம். தேட வேண்டிய எழுத்துகளின் அமைப்பை, அதாவது ஒரு பேட்டர்னைக் கொடுத்தால், அது பொருந்தும் இடங்களையெல்லாம் ஒரே வரியில் பொறுக்கித் தரும் குட்டி நிரல்கள், ஃபங்ஷன்கள். அந்த எடிட்டரின் ஸ்கிரிப்ட் மொழியில் இதுவரை அதற்கு ஒரு பக்கம் எழுதி மாரடிக்க வேண்டியிருந்தது.

பிரசவத்தோடு வேலையை விட்டவள். இது உள்ளே போனால் நாளை இன்டர்வியூவில் காட்ட ஏதாவது இருக்கும், இல்லாவிட்டால் வெறுங்கைதான். இன்று ஐந்து மணியோடு எடிட்டரின் புதிய பதிப்பில் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அவசரமாகக் கத்திரிக்கு விளக்கம் எழுதி அனுப்பினாள். அந்த நேரம் பார்த்து நெட் போனது. உள்ளறையிலிருந்து என்ன ஆச்சு என்று மாமியார் குரல் கொடுத்தார். ரிடையராகும் வரை ஆபீசில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவர், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே சீட்டாடுகிறார் என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு. இவருக்குச் சீட்டாட்டம்தான் கவலை என்று முணுமுணுத்தபடி மோடத்தை அணைத்துப் போட்டாள்.

நெட் வந்த கையோடு கத்திரியின் பதிலும் வந்து விழுந்தது. காலி பேட்டர்ன் கொடுத்தால் என்ன ஆகும், பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. இப்போது கொடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லாதது எல்லா இடத்திலும் பொருந்தும் அல்லவா, ஃபங்ஷன் நின்ற இடத்திலேயே சுற்றியது. எடிட்டர் அசையவே இல்லை.

அதற்குள் கட்டிலில் குழந்தை வீறிட்டது. ஒரு கையால் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே மறுகையால் கத்திரிக்கு எழுதினாள். குழந்தை எழுந்துவிட்டாள், ஐந்து மணிக்குள் என்னால் முடியாது, நாளை இன்டர்வியூவுக்கு இதைத்தான் நம்பியிருந்தேன்.

வழக்கமாக உடனே பதில் போடும் கத்திரி இந்த முறை போடவில்லை. உள்ளறைக் கதவு திறந்தது. மாமியார் வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மருமகளையும் அவள் முன்னால் உறைந்து கிடந்த எடிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பாவை நான் பாத்துக்கறேன், நீ அந்தக் காலி பேட்டர்னை மட்டும் சரிபண்ணி அனுப்பும்மா, உடனே சேத்துடறேன்."