இந்த வீச்சு மாறாது

“இடது காலை ஊனும்மா! எத்தனை தடவை சொல்றது?”

சரத்குமாரின் குரல் பந்தலுக்கு வெளியேயும் கேட்டது. அருள்மொழி உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலிலேயே நிறுத்தி, ஐந்தாவது பந்தையும் அதே மாதிரிதான் அடித்தாள்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் போகும் வழியில் இருந்தது அந்த ரிசார்ட். சரத்குமார் மாதம் ஒரு நாள் சென்னையிலிருந்து அங்கே வருவார். ஆடுபவர் மட்டையைச் சுழற்றும் வீச்சைக் கம்ப்யூட்டரில் அளந்து, அதற்கேற்ற கோல்ஃப் மட்டைகளைச் செய்து அனுப்புவது அவர் தொழில்.

கள்ளக்குறிச்சி டாக்டர்களும் சேலத்து மில் முதலாளிகளும் காரில் வந்து இறங்கும் இடம். அங்கே மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போனிலேயே பதிவு செய்து பணமும் கட்டியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

“மெஷின் இன்னா சார் சொல்லுது?”

“மெஷின் இருக்கட்டும். உள்ள வரும்போது நல்லாத்தானே நடந்து வந்தே? அடிக்கும்போது மட்டும் ஏன் இடது காலை ஊன மாட்டேங்கிறே? இது வீச்சே இல்லம்மா. யார்கிட்ட கத்துக்கிட்டே?”

“எங்கப்பா ஆடுறதப் பாத்துப் பாத்துதான். பெங்களூருல கோல்ஃப் மைதானத்துல பதினஞ்சு வருசம் ஆடுறவங்க மட்டைப் பையைத் தூக்கினவரு.”

“அதானே பாத்தேன்!” சரத்குமார் சிரித்தார். “பை தூக்குறது வேற, ஆடுறது வேற. மூணு கிளாஸ் வா, வீச்சை மாத்திடலாம். அப்புறம் ரெடிமேடா இருக்கிற லேடீஸ் செட்டே உனக்குப் போதும்.”

“இந்த வீச்சு மாறாதுங்க. மட்டையத்தான் மாத்தணும். அதுக்குத்தான் வந்தேன்.”

“தப்பான வீச்சுக்கு மட்டை செஞ்சு கொடுத்தா என் பேருதான் கெடும்.”

“தப்பா இல்லையான்னு மெஷினு சொல்லட்டும் சார். இன்னும் அஞ்சு பந்து வைங்க.”

வைத்தார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரு கணம் கண்ணை மூடி, எதையோ நினைவுபடுத்திக்கொள்வது போல நின்றாள். பிறகு அதே வலது கால், அதே அரைச் சுற்று, அதே சத்தம்.

திரையில் பத்துப் பந்துகளும் பத்துப் புள்ளிகளாக நின்றன. எல்லாமே குறியிலிருந்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. சரத்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“கோணல்தான். ஆனா பத்துலயும் ஒரே கோணல்” என்று முணுமுணுத்தவர், முதல் முறையாக நாடாவைக் கையில் எடுத்தார். மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தார்.

“ஆள் குள்ளமா இருந்தாலும் கை நீளமா இருக்கே.”

“எங்க வூட்டுல அப்பிடித்தான் சார்.”

“ம். மட்டைத் தண்டு அரை அங்குலம் ஜாஸ்தி. தலையும் ரெண்டு டிகிரி நிமிர்ந்து நிக்குது. அதான் பந்து இடது பக்கமே ஓடுது.”

தண்டைக் குறைத்து, தலையைச் சாய்த்த இன்னொரு மட்டையை எடுத்துக் கொடுத்தார். அருள்மொழி அடித்தாள். பந்து நேராகப் போய்க் குறியாக நட்டிருந்த கொடிக்கம்பத்துக்கு அருகில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை, மட்டையை மட்டும் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

“கைப்பிடிக்குள்ள டேப்பு ரெண்டு சுத்து ஜாஸ்தி போடுங்க சார்.”

“உங்க கை சின்னதாச்சே. அவ்ளோ தடிமனா இருந்தா பிடிக்கவே முடியாதே?” அவருக்கே தெரியாமல் ‘நீ’ என்பது ‘நீங்க’ ஆகியிருந்தது.

“பரவால்ல, போடுங்க. பத்து நாளுக்குள்ள கைக்கு வந்துடணும். கோயம்புத்தூர்ல போட்டி. ஜெயிச்சா அந்த மைதானத்துலயே கோச் வேலை தராங்க.”

“கொரியர்ல ஒரு வாரத்துல வந்துடும்.”

அப்போதுதான் அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. இந்தப் பதினோரு பந்துகளுக்காக மூன்று வாரமாகக் கரும்புக் காட்டு ஓரத்தில் பழகியிருந்தாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தபோதும் நிறுத்தவில்லை.

சரத்குமார் படிவத்தை எடுத்தார். நீளம், கோணம், கைப்பிடி எல்லாவற்றையும் எழுதி முடித்தார். முகத்தில் மரியாதை வந்திருந்தது.

“இப்படி ஒரு வீச்சை நான் பாத்ததே இல்லம்மா. போட்டியில கலக்கிடுவீங்க. மட்டையில பேரு பொறிச்சுத் தரேன், சொல்லுங்க.”

“கொளஞ்சியப்பன்.”

பேனா நின்றது. “அது உங்கப்பா பேரா? ஆடுறவங்க பேரு வேணும்மா.”

அருள்மொழி எழுந்து, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“ஆடுறது அவருதாங்க, போன மாசம் இடது காலை இழுத்துக்கினு வந்தவர இந்த வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புனீங்களே, அவரு வீச்சுதான் இது!”