சிகிரியா அண்ணை

“கல்லுச் சிங்கத்தின்ர காலடிக்குப் போனால் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. அங்க குளவிக் கூடு இருக்கு,” என்றார் சிவராசா.

முற்றத்தில் கதிரை போட்டிருந்த நான்கு குடும்பமும் அப்போதே வாயை மூடிக்கொண்டது.

உருத்திரபுரத்தில் அந்த ஒழுங்கைத் தெருவுக்கு அவர் சிகிரியா அண்ணை. வான் ஓட்டுகிறவர். பள்ளிப் பிள்ளைகள், சங்கத்துப் பெண்கள், புதுச் சோடிகள் என்று முப்பத்தொரு தடவை அந்த மலைக்கோட்டைக்கு ஆள் ஏற்றிப் போய் வந்தவர். சொந்தப் பெயரைச் சொல்லி வீட்டை விசாரித்தால் ஆட்கள் சற்று யோசிப்பார்கள். சிகிரியா அண்ணை என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். அந்தப் பெயரில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வானின் பின்கண்ணாடியிலும் அதையே எழுதி வைத்திருந்தார்.

வருகிற சனிக்கிழமை ஒழுங்கையே அவரோடு போகிறது. இதுதான் முதல் தடவை.

விடிய இரண்டு மணிக்கு வான் எடுக்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தால் பிறகு வவுனியா தாண்டும்வரை நிறுத்தமில்லை. வெயில் ஏறமுதல் ஆயிரத்து இருநூறு படியையும் ஏறி முடித்துவிட வேண்டும். எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆயுளில் ஏறிய உயரமென்றால் குளக்கட்டுதான். அவர் சொன்னதற்கு மறுப்பேது?

“உச்சியில குளம் இருக்கெண்டு கதைக்கினம், மெய்யே அண்ணை?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் கமலாசனி.

“ஓம். ஏறினவுடன முன்னுக்கு நிக்கிறதே குளம்தான். இரணைமடுக் குளம் வத்தினாலும் அது வத்தாது.”

மகள் யதுர்ஷிகா பக்கத்திலிருந்து கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பூநகரியில் படிப்பிக்கிறவள், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். குளம் என்றதும் அவளுடைய பேனை சற்று நின்றது, பிறகு ஓடியது. எழுதி முடித்துத் தகப்பனிடம் நீட்டினாள்.

சாரதி: நிருஷன். சிவராசாவின் தங்கையின் மகன். மலை ஏறுவோர் பட்டியலில் முதற்பெயர்: சிவராசா.

அவர் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். முப்பத்தொரு தடவையில் ஒரு தடவைகூட அவர் மேலே ஏறியதில்லை.

விருப்பமில்லாமல் அல்ல. அவர் ஓடும் பயணங்களில் சோற்றுப் பானையும் கூடவே வரும். ஆட்கள் ஏறப் போனதும் மரத்தடியில் கல் வைத்து அடுப்பு மூட்டுவது அவர் வேலை. முதல் பயணத்தில் பானையை விட்டுவிட்டுப் பத்துப் படி ஏறினார். திரும்பிப் பார்த்தால் குரங்குகள் மூடியைத் திறந்து பந்தியில் இருந்தன. அன்று பதினான்கு பேர் பிஸ்கற் சாப்பிட்டு வீடு வந்தார்கள். அந்த வெட்கத்தில், பிறகு எல்லாப் பயணத்திலும் கையில் தடியுமாகப் பானையடியிலேயே நின்றுவிட்டார்.

இறங்கி வருகிறவர்களுக்குச் சோறு போடும்போது மேலே என்ன தெரிந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்பார். ஒருவர் ஓவியத்தைச் சொல்வார், ஒருவர் கண்ணாடிச் சுவரைச் சொல்வார். அப்படிச் சேர்த்த மலைதான் அவருடைய மலை. ஏறி ஏறி அலுத்தவர் என்று ஒவ்வொரு கூட்டமும் தானாகவே நினைத்துக்கொண்டது. அவரும் திருத்தவில்லை.

“முழங்கால் பிடிக்குது. நான் வானோட நிக்கிறன்,” என்றார்.

“நீங்கள் முன்னுக்கு ஏறினால்தானே அண்ணை எங்களுக்கு வழி தெரியும்,” என்றாள் கமலாசனி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை அத்தனை பேருக்கும் முன்னால் குட்டு வெளிப்படும். ஞாயிற்றுக்கிழமை பின்கண்ணாடியைச் சுரண்ட வேண்டியதுதான். அதை நினைக்கவே அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவர்கள் போனபின் யதுர்ஷிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவருடைய மடியில் வைத்தாள். மலையைப் படமாகக் கீறியிருந்தாள். படிகள், ஓவியத்துக்குப் போகிற சுழல் ஏணி, சிங்கத்தின் கால்கள், உச்சி. திரும்ப வேண்டிய இடமெல்லாம் அம்புக்குறி.

“குளம் ஏறினவுடன இல்லையப்பா, கொஞ்சம் கீழ இறங்கோணும். சனிக்கிழமைக்கிடையில பாடமாக்குங்கோ. பானையை நான் பாக்கிறன்.”

சிவராசா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில் அவள் இவருடைய வானில்தான் போனாள். பத்து வருடமாகிறது. அதற்குப் பிறகு எத்தனை வீட்டில், எத்தனை கலியாணப் பந்தலில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஓம் என்று தலையாட்டினாள்.

“எப்ப தொட்டுப் பிள்ளை உனக்கு இது தெரியும்?”

“மேல போய் நீங்கள் சொன்ன இடத்தில குளத்தைத் தேடினனான், காணேல்லை. அப்பிடியே கீழ பாத்தனான். மரத்தடியில புகை. பக்கத்தில நீங்கள் தடியோட ஓடித் திரிஞ்சனீங்கள். அங்க நிக்கிறது என்ர அப்பா எண்டு எல்லாருக்கும் காட்டினனான்.”

முப்பத்தொரு பயணத்தில் எத்தனை நூறு பேரிடம் மேலே என்ன தெரிந்தது என்று கேட்டிருப்பார். இதை மட்டும் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.