வாசித்ததை வாசிக்கக் கூடாது

பாகூரில் கைவிடப்பட்ட ஒரு ரைஸ்மில் கொட்டகையில் ரோஸ்லின் வயலின் வாசிப்பாள்; அவள் புருஷன் பெலிக்ஸ் டிரம்பெட் ஊதுவான். என்ன வாசிப்பதென்று முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. போனில் பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டபடியே ஒரே துணியில் இருவரும் வண்ணம் இழுப்பார்கள். வயலினுக்கு நீலம், டிரம்பெட்டுக்கு மஞ்சள். ஒருவர் ஏற்கெனவே வாசித்ததைத் திரும்ப வாசித்தால் மற்றவர் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் ஒரே விதி.

"அது செத்துப்போச்சுடி. பொணத்த இன்னாத்துக்கு எழுப்புற?" என்பான் பெலிக்ஸ்.

தை மாதம் அவனை அடக்கம் செய்தபோது, டிரம்பெட்டையும் அதன் பெட்டியோடு காலடியில் வைத்தார்கள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்தபின் ரோஸ்லின் தனியாக வாசித்தாள். பதிவைப் போட்டுக் கேட்டால், அவள் விட்ட இடைவெளிகளில் எல்லாம் டிரம்பெட் இருந்தது. அன்று துணியில் மஞ்சள் இழுத்தாள். மறுநாளும் அவன் வந்தான். அதற்கடுத்த நாள் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வராமல் போனால்? முந்தின நாள் தான் வாசித்து அவன் பதில் சொன்ன அதே இழுப்பை அப்படியே திரும்ப வாசித்தாள்.

பதிவில் டிரம்பெட் பாதியில் நின்றது. பெட்டியின் கொக்கிகள் மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் வயலின் மட்டும்.

"இன்னா அண்ணி, மஞ்சள் பாதியிலயே நின்னுடுச்சு?" என்றாள் படத்தைப் பார்த்த நாத்தனார் கிரேஸ் மேரி.

"உங்க அண்ணன் நிறுத்திட்டாரு."

ரோஸ்லின் இப்போதும் தினமும் புதிது புதிதாக வாசிக்கிறாள். நீலம் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கிறது.