ஆவன செய்யப்படும்

"இந்தாம்மா. பதினோரு வருஷமா அப்பா செய்யாததை, பதினஞ்சு நிமிஷத்துல வாங்கிட்டு வந்துட்டேன்."

மகன் மூன்று படி ஏணியைக் கூடத்தின் நடுவில் விரித்து வைத்தான். புத்தம் புது அலுமினியம். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா போய் ஒரு மாதம். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று அக்கம்பக்கத்தார் கூடியிருந்த நேரம். இப்போதுதானா இதைச் சொல்ல வேண்டும்?

ஆனால் அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

அப்பா நகராட்சியில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவர். சுகாதாரப் பிரிவில் இல்லை, பதிவுப் பிரிவில். ஓய்வு பெற்ற மறுநாளே கார் ஷெட்டில் மேஜை போட்டு மர வேலையில் இறங்கிவிட்டார். வேலை நன்றாகவே கைவந்தது. ஆபீஸ் புத்திதான் போகவில்லை. வாயால் கேட்டால் எதுவும் நடக்காது. என்ன பொருள், என்ன அளவு, எதற்காக என்று எழுதி மூன்று காப்பி தர வேண்டும். தெருவில் அவர் பெயரே 'மூணு காப்பி'.

"நான் குடிவந்த புதுசுல, சாருக்குக் காப்பின்னா உயிர் போலிருக்குன்னு பிளாஸ்க்கோட போய் நின்னேன்," என்றார் எதிர்வீட்டுப் பல் டாக்டர். "குடிச்சு முடிச்சுட்டு, மனு எங்கேன்னு கேட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"என் பொண்ணு பொம்மைக்குக் கட்டில் கேட்டா," என்றாள் மகள். "அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு கட்டைவிரல் ரேகை வாங்கினாரு. ஆனா நாலே நாள்ல கட்டில் வந்துடுச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் மகன். "பொம்மைக்கு நாலு நாள். டாக்டர் வீட்டுப் புத்தக அலமாரிக்கு மூணு வாரம். அம்மா, பரண்ல இருந்து சாமான் எடுக்க ஒரு ஸ்டூல் கேட்டாங்க. அதுக்கு மட்டும் மரம் கிடைக்கலையா?"

இப்போது எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நானும் மூணு காப்பி எழுதித்தான் கொடுத்தேன்," என்றாள் அம்மா. "எப்போ கேட்டாலும் 'ஆவன செய்யப்படும்'பாரு. மேலேயிருந்து ஒரு பாத்திரம் வேணும்னா அவரைத்தான் கூப்பிடணும். உளியைக் கீழே வெச்சுட்டு வந்து, எடுத்துக் கொடுத்துட்டு, 'வேற ஏதாவது உண்டா'ம்பாரு. கவுன்டர்ல கேக்கற மாதிரி."

மறுபடி சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை.

"கடையில வாங்கிக்கலாம்தான். அவர் கையால ஒண்ணு வேணும்னு ஆசையா கேட்டேன். ஊருக்கே செஞ்சு கொடுத்தவருக்கு நான் ஒருத்தி கண்ணுல படலையேன்னு இப்பவும் மனசு வலிக்குது." மகன் பக்கம் திரும்பினாள். "ஷெட்ல அவரோட ரிஜிஸ்டர் இருக்கும். எடுத்துட்டு வா. என் மனு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"இத்தனை வருஷமா நீ பார்த்ததே இல்லையாம்மா?" என்றாள் மகள்.

"அவர் ஆபீஸ் விஷயத்துல நான் என்னிக்குத் தலையிட்டேன்?"

ரிஜிஸ்டர் வந்தது. மகன் சத்தமாகவே படித்தான். நியாயம் தன் பக்கம்தான் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"மனு எண் பதினேழு. மனுதாரர், மனைவி. பொருள், பரணை எட்ட ஸ்டூல். நிலைமை..." விரல் விட்டு எண்ணினான். "நிலுவை, நிலுவை, நிலுவை. வருஷத்துக்கு ஒண்ணா பதினொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தேதி, கையெழுத்து வேற. பாத்தியாம்மா? மறந்துகூடப் போகல. தெரிஞ்சேதான் செய்யாம விட்டிருக்காரு."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"அடியில ஏதோ எழுதியிருக்கே," என்று எட்டிப் பார்த்தார் டாக்டர். "'குறிப்பு, பின்பக்கம் காண்க.'"

மகன் பக்கத்தைத் திருப்பினான்.

"மனு கொடுத்த நான்காம் நாள் சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது பரணுக்குக் கீழே நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. நெற்றி வீக்கம் பற்றி விசாரித்ததில், தலை சுற்றியதையோ விழுந்ததையோ மனுதாரர் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் இடித்துக்கொண்டதாகத் தெரிவித்தார். நம்பியதாகக் காட்டிக்கொள்ளப்பட்டது."

டாக்டருக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, அப்போ அது கதவு இல்லையா?" என்றாள் மகள்.

"நம்பிட்டாருன்னுல்ல நினைச்சேன்," என்றாள் அம்மா.

மகன் மேலே படித்தான். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"ஸ்டூல் வழங்கினால் மனுதாரர் மறுபடியும் ஏறுவார். உன்னால் முடியாது, ஏறாதே என்றால் மனம் ஒடிந்துபோவார். ஆகவே பரண் வேலை முழுவதையும் இந்த அலுவலகமே கவனித்துக்கொள்ளும். மனு நிலுவையில்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ரிஜிஸ்டரை டீப்பாயில் வைத்துவிட்டு, ஏணியை மடக்கி வாசலுக்கு எடுத்துப் போனான்.

அம்மா ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கடைசி வரியைத் தானே படித்தாள்.

"காலதாமதத்தால் வரும் கெட்ட பெயர் அனைத்தும் இந்த அலுவலகத்தையே சேரும்."