முழங்கால் தண்ணீர்

"மெரினா?" என்றான் ஷ்யாம்சுந்தர்.

"வேணாங்க, அங்க அலை இழுக்கும்," என்றாள் மிருதுளா.

மூன்று நாளாகப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தான். டிவியும் இல்லை, செல்போனும் இல்லை. லீவுக்கு எந்த பீச் என்று பேச்சை ஆரம்பித்து வைத்ததே அவள்தான்.

"மகாபலிபுரம்?"

"வெயில் தாங்காது."

"வெயில் அடிச்சா நல்லதுதானேம்மா!" என்றான் ஆறு வயது நிகில்.

"அப்ப கோவளம். அங்க போட் இருக்கும்."

நிகில் நிமிர்ந்தான். "தண்ணி ஆழமாப்பா?"

"சேச்சே, முழங்கால் அளவுதான்," என்று மிருதுளா முந்திக்கொண்டாள்.

"கார்லயா போறோம்? காரைத்தான் மேம்பாலத்து மேல நிறுத்திட்டு வந்துட்டியேப்பா?"

மிருதுளா எழுந்துபோய் மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். காலையில் எட்டாவது படியில் நின்ற வெள்ளம் பத்தாவது படிக்கு ஏறியிருந்தது.

"மேல யாருனா கீறீங்களா?"

பால்கனிக்கு ஓடினார்கள். பள்ளிக்கரணையின் அந்தத் தெருவில் ஒரு மீன்பிடிப் படகு மிதந்துகொண்டிருந்தது.

"சின்னப் பையன் இருக்கான்ணா!" என்று கத்தினாள் மிருதுளா.

"பயப்படாதக்கா, முதல்ல பையன குடு," என்றார் படகிலிருந்தவர்.

"எங்கேருந்துண்ணா வர்றீங்க?" என்றான் ஷ்யாம்சுந்தர்.

"கோவளம் சார்."

தூக்கப்போன மிருதுளாவின் கழுத்தை நிகில் இறுகக் கட்டிக்கொண்டான். கீழே, பக்கத்து வீட்டு கேட்டின் நுனி மட்டும் தெரிந்தது.

"முழங்கால் அளவுதான்னு சொன்னியேம்மா?"