நிதானமாகக் காட்டிய வீடு

"வெளியிலிருந்து பூட்டு போட முடியுமா?" வீடு வாங்க வந்தவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"போடலாம் சார்," என்றார் தரகர் பெண்மணி.

"ஜன்னல்ல கம்பி?"

"எல்லாத்துலயும் இருக்கு. ஒரு கைகூட வெளியே போகாது."

அவன் முகம் மலர்ந்தது. பக்கத்தில் அவன் மனைவி தலையைக் குனிந்தபடி நின்றாள். அவளுடைய போன் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"நீ சமையலறையைப் பாரும்மா. நானும் சாரும் மாடியைப் பாத்துட்டு வர்றோம்," என்றார் தரகர் அவளிடம்.

"அவ எங்கூடவே வரட்டும்."

"அலமாரி எங்க வேணும்னு அவங்கதானே சார் சொல்லணும்? வேணும்னா வாசலைப் பூட்டிச் சாவியை நீங்களே வெச்சுக்குங்க."

அவன் பூட்டினான்.

மாடியில் தரகர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினார். ஒவ்வொரு சுவராக டேப் வைத்து அளந்தார். பத்து நிமிடத்தில் வீடு காட்டிவிடுகிறவருக்கு அன்று முக்கால் மணி நேரம் பிடித்தது.

இறங்கி வந்தபோது சமையலறையில் யாரும் இல்லை.

"எங்கடி போன?" அவன் கத்தியதில் காலி வீடே அதிர்ந்தது. தரகர் பக்கம் திரும்பி நெருங்கி வந்தான். "சாவி எங்கிட்டதானே இருக்கு? அவ எப்படிப் போனா?"

தரகர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"ஸ்டோர் ரூமுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு சார். சொல்ல மறந்துட்டேன்."

முந்தின நாள் பக்கத்து வீட்டு போனிலிருந்து அவரை அழைத்த பெண் விலையைக் கேட்கவில்லை, எத்தனை அறை என்றும் கேட்கவில்லை.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரரோட வீடு பாக்க வர்றேன்க்கா. பின்வாசல் இருக்கற வீடாக் காட்டுங்க," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.